துங்கநாதருக்கு ஒரு போர்வை

பாரிவாக்கத்தில் குளிர் என்று ஒரு வஸ்து கிடையாது. மார்கழி விடியற்காலையில் ஏரிப் பக்கத்திலிருந்து சற்றே ஈரக்காற்று வீசும். அதற்கே காதில் மப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகிறவர்கள் எங்கள் தெருவில் உண்டு. ஆனால் உஷ்ணமானி 18 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இப்பேர்ப்பட்ட ஊரில், ஆவணி மாதத்துப் புழுக்கத்தில், மொட்டை மாடியில் இரண்டு பேர் பனிமலைப் போர்வைக்குள் புகுந்து படுத்தால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள்? நினைத்ததைச் சொல்லவும் சொன்னார்கள். அந்த இருவர் நானும் என் அக்காவுந்தான்.

அக்காவுக்கு வயது 61. பக்கத்துப் பூந்தமல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள் தினந்தோறும் காஞ்சிபுரத்துக்கு நடந்தே போய்ப் பேரருளாளனுக்கு ஆலவட்டம் வீசினார் என்பது ஐதிகம். அந்த மண்ணின் விசேஷமோ என்னவோ, அக்காவுக்கும் நடை என்றால் உயிர். பஞ்ச கேதாரங்களில் ஒன்றான துங்கநாத்தைத் தரிசிக்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாளைய ஆசை. ஏறக்குறைய 12,000 அடி உயரத்தில் உள்ள கோயில் அது. சோப்தா வரை வண்டியில் போய்விட்டால் அப்புறம் நாலு கிலோமீட்டருக்கும் குறைவான ஏற்றந்தான். ஆனால் அக்காவோ, சாரி கிராமத்தில் புறப்பட்டு, தேவரியா தால் என்னும் ஏரியைப் பார்த்துவிட்டுக் காட்டு வழியாகவே நடக்க வேண்டும் என்றாள். அப்படியானால் இரவில் கூடாரத்தில்தான் வாசம்.

இரண்டு வருஷங்களுக்கு முன் அப்படியே புறப்பட்டோம். உறங்கும் பைகளை அங்கேயே வாடகைக்கு எடுத்தோம். எகிப்து தேசத்து மம்மியைப் போல் தோளில் அகன்று காலில் குறுகிய பை. உள்ளே போய் ஸிப்பை இழுத்துவிட்டால் கையை அசைக்க முடியாது. அக்கா ஒருக்களித்து முழங்காலை மடக்கித் தூங்குகிறவள். மூட்டு வலியால் இரவில் இருபது தடவை புரளுகிறவள். அரைமணிக்குள் மூச்சு முட்டுகிறது என்று வெளியே வந்துவிட்டாள். பொழுது விடியும் வரையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் நாலு அடி வைத்ததும் தலை சுற்றியது. மலை இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினோம். ரயிலில் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தை ஆராய்ச்சி செய்யத் தொடங்கினேன். நல்ல பைகளில் ஐ.எஸ்.ஓ. 23537 என்ற சோதனையின்படி குளிர் அளவுகள் அச்சிட்டிருக்கும். முதலாவது, சாதாரண ஸ்திரீ ஒருத்தி நிம்மதியாகப் படுத்துத் தூங்கக்கூடிய அளவு. இரண்டாவது, சாதாரண புருஷன் ஒருவன் உடம்பைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கக்கூடிய அளவு. பல பைகளின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது இந்த இரண்டாவதுதான்! அதை நம்பிப் பெண்களுக்கு வாங்குகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

குளிரைப் பற்றி அச்செழுத்தையாவது கேட்கலாம். இடத்தைப் பற்றி? தோள் சுற்றளவு இத்தனை அங்குலம் என்று போட்டிருக்கும். நம்முடைய முழங்கால் எங்கே இடிக்கும் என்று போட்டிருக்காது. அதைப் படுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பனிமலை தேவையில்லை. பாரிவாக்கத்து மொட்டை மாடி போதும்.

இறகோ பஞ்சோ தானாகச் சூடு தருவதில்லை. அவற்றினிடையே அகப்பட்ட காற்றே உடம்பின் சூட்டை வெளியே போகாமல் காக்கிறது. முழங்கால் உள்ளிருந்து முட்டினால் அந்த இடத்தில் இறகு நசுங்கும். குளிர் அங்கே நுழைந்துவிடும். அதற்காகக் கோணிப்பை போல் அகலமாக வாங்கினாலும் ஆபத்து. அவ்வளவு காற்றையும் நம் உடம்பு சூடாக்க வேண்டும்; புரளும்போதெல்லாம் துருத்தி ஊதுவதுபோல் குளிர்காற்று வேறு உள்ளே வரும்.

முதுகுக்கு அடியில் உள்ள இறகு எப்படியும் நசுங்கித்தானே கிடக்கிறது, அதை ஏன் சுமக்க வேண்டும் என்று யோசித்தவர்கள் அடிப்பாகத்தையே நீக்கிவிட்டார்கள். பாதத்தின் பக்கம் மட்டும் பைபோல் மூடியிருக்கும், மற்றபடி போர்வை. விளிம்பை வார்களால் கீழ்மெத்தையோடு பிணைத்துக்கொள்ளலாம். தரைக்குளிரைத் தடுப்பது அந்த மெத்தையின் பொறுப்பு. அதில் சிக்கனம் கூடாது.

"இது நம்ம ரஜாய்தானே, தம்பி? இதுக்கா இத்தனை விலை?" என்றாள் அக்கா.

ரஜாயும் பவானி ஜமக்காளமும் எனக்கும் பிரியமானவைதான். கல்யாணக் கூடத்தில் ஜமக்காளத்துக்கு நிகர் ஏது? ஆனால் முதுகில் சுமந்து மலை ஏறுகிறவனுக்குப் பருத்தியின் பாரம் தெரியும். பனியில் நனைந்தால் அது உலர்வதற்குள் ஊர் திரும்பிவிடலாம்.

1888-ல் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்த நான்ஸென் கோஷ்டியில் ஆறு பேர்; பனிமான் தோலால் ஆன பைகளோ இரண்டுதான். மூன்று பேருக்கு ஒன்று! இதைச் சொன்னதும், "நடுவிலே இருக்கிறவன் குறட்டை விட்டால்?" என்று அக்கா கேட்டாள். சரித்திரத்தில் அதற்குப் பதில் தேடவில்லை.

மாடியில் பரீட்சை நடந்தது. ஆவடி சாலையில் லாரிகள் உறுமின. கொசுக்கள் விருந்துக்கு வந்தன. மலையில் அணியப்போகும் ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டுதான் படுக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் செய்தேன். அக்கா என்னைத் திட்டிக்கொண்டே வியர்த்து விறுவிறுக்கப் படுத்தாள். 50 அங்குல அகலப் போர்வை அவள் புரண்டதும் முதுகைக் காட்டிக்கொடுத்துவிட்டது. 58 அங்குலத்தது எந்தப் பக்கம் திரும்பினாலும் மெத்தையைத் தொட்டுக்கொண்டே இருந்தது. எடையில் வித்தியாசம் இரண்டு பிடி பொரிகடலைதான். கண்ணை மூடிக்கொண்டு வார்களை அவிழ்க்கச் சொன்னேன். ஒரு கையாலேயே அவிழ்த்துவிட்டாள்.

சென்ற ஆண்டு அக்டோபரில் மறுபடியும் போனோம். சோப்தாவுக்கு முந்தைய இரவு, கூடாரத்துக்கு வெளியே வைத்த செம்புத் தண்ணீரில் ஆடை கட்டினாற்போல் பனிக்கட்டி படிந்தது. போர்வைக்குத் தலைமூடி கிடையாதாகையால் அக்கா கம்பளிக் குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, முழங்காலை மடக்கி ஒருக்களித்துத் தூங்கினாள். பணத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பழையபடி வாடகை மம்மிக்குள் கிடந்த நான், அவளுடைய சீரான மூச்சைக் கேட்டுக்கொண்டே விழித்திருந்தேன். மறுநாள் துங்கநாத் கோயில் மணியை அவள்தான் முதலில் அடித்தாள். நான் ஒரு வளைவு பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

இறகுப் போர்வையை அழுத்திச் சுருட்டியே வைத்திருந்தால் அதன் உப்பல் போய்விடும். ஊர் திரும்பியதும் மாடிக் கொடியில் காற்றாட விரித்துவிட்டு, பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு வைக்கலாம் என்றேன். அக்கா அதை உதறி விரித்துக்கொண்டே, "ருத்ரநாத்துக்கு எத்தனை நாள் நடை, தம்பி?" என்று கேட்டாள்.