ஒரு விரற்கடை

ஆறு நட்டுகளில் ஐந்து மரியாதையாகக் கழன்றன. ஆறாவது, தான் இறுகிக் கிடந்த ஸ்டட்டையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தது. அது பரவாயில்லை, ஸ்டட் புதிது போடலாம். படகின் பின்பலகையில் தொங்கிய அந்த அலுமினியக் கால் இனி இழுத்தால் வரவேண்டும். ஒரு விரற்கடை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. உதவிக்கு நின்ற பொடியன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து ஆட்டினோம். காலோடு சேர்ந்து படகு ஆடியது, படகோடு சேர்ந்து டிரெய்லர் ஆடியது. இடைவெளி மட்டும் அதே விரற்கடை. பொடியன் தன் மொழியில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். நான் என் மொழியில் ஒன்று சொன்னேன். இருவருக்கும் விளங்கியது.

சிம்கோ ஏரிக்கரையில் ஒக்டோபர் நடுப்பகுதி. ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணித்தியால ஓட்டம். தாங்ஸ்கிவிங் முடிந்துவிட்டால் எங்கள் படகுத்துறையில் மூச்சுவிட நேரம் இராது. ஏரி உறைவதற்குள் எல்லாப் படகுகளையும் கரையேற்றி, எஞ்சினுக்குள் நிற்கும் தண்ணீரை வடித்து, இளஞ்சிவப்பு அன்ரிஃபிரீஸ் ஓடவிட்டு, வெள்ளைப் பிளாஸ்டிக்கால் சுற்றி மூடவேண்டும். தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு வீங்கும். வார்ப்பிரும்பு அந்த ஒன்பதுக்கு இடம் கொடாது, பிளந்துவிடும். வரிசையில் முப்பது படகு காத்திருக்க, இது ஒன்று தொழிற்கூடத்தின் வாசலில் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

கால் என்று சொல்கிறேன். இங்கே ஸ்டேர்ன்டிரைவ் என்பார்கள். யாழ்ப்பாணத்துக் குருநகரில் என் மாமாவுக்கு அவுட்போட்டில் தண்ணீருக்குள் இறங்கும் பகுதி எல்லாமே 'கால்'. எனக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. இந்த வகைப் படகில் உள்ளே இருப்பது கார் எஞ்சின், வெளியே தொங்குவது அவுட்போட்டின் கால். இரண்டையும் சேர்த்து வைக்கும் கலியாணத் தரகர் பின்பலகையைத் துளைத்துப் போகும் ஒரு தண்டு. ஜிம் வின் என்ற அமெரிக்க எஞ்சினியர் 1958 இல் அவுட்போட் பூட்டிய சின்னப் படகில் அத்திலாந்திக்கைக் கடந்தவர். அவர் கொண்டுபோன யோசனையைத்தான் வொல்வோ பென்ரா 1959 இல் நியூயோர்க் கண்காட்சியில் அக்வாமற்றிக் என்ற பெயரில் வைத்தது. அந்தக் கண்காட்சியில் நின்றவர்கள் எவருக்கும் அந்தத் தண்டு ஒருநாள் வெளியே வர மறுக்கும் என்று தோன்றியிராது. பளபளப்பாக இருந்திருக்கும்.

தண்டு போகும் ஓட்டை தண்ணீர்மட்டத்துக்குக் கீழே. ஏரியை வெளியே நிறுத்தி வைப்பது ஒரு றப்பர் துருத்தி, கொல்லன் பட்டறைத் துருத்திபோல மடிப்பு மடிப்பாக. கால் இடம் வலம் திரும்பவும் மேலே கீழே தூக்கவும் வேண்டுமே, அதற்காக மடிப்பு. மடிப்பு இருக்கிற இடத்தில்தான் றப்பர் வெடிக்கும். வெடித்தால் தண்ணீர் உள்ளே வந்து முதலில் நனைப்பது யூ ஜொயின்ற்றை, பிறகு கிம்பல் பெயரிங்கை. பெயரிங் துருப்பிடித்தால் தண்டைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை காலைக் கழற்றி, ஸ்பிளைன் பல்லுகளுக்குக் கிறீஸ் பூசி, பெயரிங்குக்குக் கிறீஸ் ஏற்றி, எஞ்சின் நேராக நிற்கிறதா என்று அளவுகோல் தண்டை விட்டுப் பார்த்து, திரும்பப் பூட்டவேண்டும். அரைநாள் வேலை. அதைச் செய்யாமல் விடுவதற்கு ஒரே ஒரு காரணம்தான் எப்போதும் சொல்லப்படும். அன்று மத்தியானம் மார்க்கம் நகரிலிருந்து படகின் சொந்தக்காரர் தொலைபேசியில் சொன்னதும் அதுதான்.

"அண்ணை, கழட்டாமல் ஏதும் செய்யேலாதோ? போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே ஓடினது."

"சத்தம் ஏதும் கேட்டதோ தம்பி?"

"திருப்பேக்கை ஒரு உறுமல் இருந்தது. பாட்டைக் கூட்டிவிட்டன், பிறகு கேக்கேல்லை."

திருப்பும்போது உறுமுவது கிம்பல் பெயரிங்கின் தாய்மொழி. அது இரண்டு கோடைகாலம் பேசியிருக்கிறது. தம்பி நல்ல பிள்ளை, புளோரிடாவில் மலிவாகக் கிடைத்தது என்று படகை வாங்கி, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் இழுத்து வந்தவர். புளோரிடாவில் மலிவாகக் கிடைப்பதன் காரணம் உப்பு. இங்கே வந்த பிறகும் உப்புத் தண்ணீருக்கான துத்தநாகக் கட்டியையே அடியில் விட்டு வைத்திருந்தார். அலுமினியம் கரையாமல் தான் கரைந்து பலியாகவேண்டிய கட்டி அது. நன்னீருக்கு மக்னீசியம் போடவேண்டும், இங்கே நாகம் மேலே படலம் பூத்து வேலை செய்யாமல் சும்மா தொங்கும். 'ஓடுது தானே' என்ற இரண்டு சொல்லால் பழுதான எஞ்சின்கள், விபத்தில் பழுதானவற்றைவிட அதிகம் என்பேன். கணக்கெடுத்துச் சொல்லவில்லை, முப்பது வருஷம் கையில் கிறீஸோடு நின்ற கோபத்தில் சொல்கிறேன்.

கத்தியை எடுத்துத் துருத்தியை அறுத்தேன். எப்படியும் மாற்றவேண்டியது. டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே செம்மண் குளம். தண்டை ஆட்டினால் பெயரிங்கின் உள்வளையமும் கூடவே ஆடியது. இரண்டும் ஒன்றாகிவிட்டன. பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, அசிற்றோனும் ஓட்டோமற்றிக் கியர் எண்ணெயும் அரைக்கரைவாசி கலந்து அந்த வளையத்தைச் சுற்றி ஊற்றினேன். பொடியன் காஸ் டோர்ச்சைக் கொண்டுவரட்டுமா என்றான். சுற்றிவர றப்பர், மேலே பெற்றோல் தாங்கி, எண்ணெயோடு கலந்தாலும் தீப்பிடிக்கும் அசிற்றோன். வேண்டாம், போய்ச் சாப்பிடு என்றேன்.

அந்தச் சொல் என்னுடையது இல்லை. குருநகர்க் கரையில் தகரக் கொட்டிலுக்குள் மாமா அவுட்போட்டுகளைத் திருத்திக்கொண்டிருப்பார். எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. கடல் உப்பில் ஊறிய போல்ற் அசையாவிட்டால் நான் சாவியின் மேல் ஏறி நிற்கப் பார்ப்பேன். அவர் திரும்பிப் பார்க்காமலே, "எண்ணெயை விட்டிட்டு வந்து சாப்பிடு" என்பார். மாமி குழம்பைச் சட்டியோடு கொண்டுவந்து வைப்பா. சாப்பிட்டு வந்தாலும் பெரும்பாலும் அசையாது. அடுத்தநாள் அசையும். பன்னிரண்டு வயதில் அடுத்தநாள் என்பது எவ்வளவு தூரம்.

பிறகு போரின் பொருளாதாரத் தடைக்காலம் வந்தது. 1990 க்குப் பிறகு குடாநாட்டுக்குள் பெற்றோல் என்பது மருந்துபோல. மோட்டார்சைக்கிளும் பழைய ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் காபரேற்றருக்குள் இரண்டு துளி பெற்றோல், அதுவும் கண் மருந்துப் போத்தலால். மாமாவின் கொட்டிலில் அப்படி நாலைந்து போத்தல்கள் வரிசையாக இருக்கும். ஒருமுறை மாமி உண்மையான கண் மருந்தை எஞ்சினுக்கு விட்டுவிட்டா. மறுவளமாக நடக்கவில்லையே என்று இன்றைக்கும் நினைத்து ஆறுதல்படுவேன்.

1993 இல் நான் கிளாலிக் கடலேரியால் குடாநாட்டை விட்டு வெளியே வந்தேன். இரவு. எஞ்சின் பூட்டிய ஒரு படகு முன்னே இழுக்க, எஞ்சின் இல்லாத படகுகள் கயிற்றில் கோத்தபடி பின்னே. நடுவழியில் ஆழமில்லாத இடத்தில் புறொப்பெல்லர் தரையில் இடித்து எஞ்சின் வீணே சுழன்றது. வெளிச்சம் காட்டினால் சூடு விழும். ஓட்டி இருட்டுக்குள் கையால் தடவி, உடைந்த பின்னை எடுத்துவிட்டு, அந்த ஓட்டைக்குள் ஒரு ஆணியைச் செருகி மடக்கினார். பின் உடைவதற்காகவே வைக்கப்பட்டது. அது உடைந்தால் பல்லுச்சில்லு தப்பும். படகுக்குள் ஒருவரும் பேசவில்லை, ஒரு குழந்தையின் வாயை யாரோ கையால் பொத்தியிருந்தார்கள். அந்த ஆணி எந்த அளவு என்று இப்போதும் சொல்வேன்: இரண்டங்குலம், தலை வெட்டியது.

இரண்டாம்நாள் காலையில் விரற்கடை அப்படியே இருந்தது. இன்னும் எண்ணெய். காலைத் தூக்கி இறக்கும் ஹைட்ரோலிக் கைகளையே முட்டுக் கொடுத்துத் தள்ளவிட்டால் என்ன என்று பொடியன் கேட்டான். புத்திசாலிப் பிள்ளை, எனக்கும் ஒருகாலத்தில் அதே புத்தி வந்தது. இந்த வேலைக்கு வந்த மூன்றாம் வருஷம் அப்படித் தள்ளப்போய் பெல் ஹவுசிங்கை வெடிக்க வைத்தேன். பம்புக்குக் கை கூசாது, அலுமினியம் முனகும் சத்தம் அதற்குக் கேட்காது. அந்த ஹவுசிங்கின் காசை என் சம்பளத்தில் ஆறு மாதம் வெட்டினார்கள். நியாயம்தான்.

ஆப்புத்தான் வழி. இரும்பாப்பு அலுமினியத்தில் பள்ளம் விழுத்தும், பிறகு அந்த முகம் மூடாது. மாமா பனை வைரத்தில் ஆப்புச் சீவி வைத்திருப்பார். இங்கே பனைக்கு எங்கே போவது. பழைய மேப்பிள் பலகை ஒன்றில் நாலு சீவினேன். இடப்பக்கம் ஒரு தட்டு, வலப்பக்கம் ஒரு தட்டு, மேலே, கீழே. ஒரே பக்கத்தில் ஆசைப்பட்டுத் தட்டினால் கால் கோணி இன்னும் இறுகும். பாரத்தைத் தாங்க அடியில் ஜக். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு கொஞ்சம் எண்ணெய். பின்னேரம் ஐந்து மணிக்கு விரற்கடை ஒன்றரை விரற்கடை ஆனது. வந்த அந்த அரையில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பக்கத்தில் நின்ற ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. முதலாளி வந்து பார்த்துவிட்டு, நாளை மத்தியானம் வரை, அதற்குப் பிறகு தண்டை வெட்டி எஞ்சினை முன்பக்கமாகத் தூக்கு என்றார். எஞ்சினைத் தூக்குவதென்றால் வைத்துக் கட்டிய இருக்கைகள், மூடி, வயர், எக்ஸோஸ்ற் எல்லாம் கழற்றவேண்டும். தம்பியின் மலிவான படகு அங்கே மலிவு முடிந்துவிடும்.

அன்றிரவு வீட்டில் மாமாவின் பழைய கடிதம் நினைவுக்கு வந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி போருக்குத் தப்பி வலிகாமமே எழும்பி நடந்தபோது, அவர் தன் எட்டுக் குதிரைவலு எஞ்சினைக் கிறீஸ் பூசிச் சாக்கில் சுற்றி வளவுக்குள் தாட்டுவிட்டுப் போனார். அடுத்த வருஷம் திரும்பி வந்து தோண்டினார். கடிதத்தில் வீட்டுக் கூரை போனதுக்கு ஒரு வரி, எஞ்சினுக்கு ஒரு பக்கம். எல்லா இடமும் கிறீஸ் போட்டவர் காபரேற்றரின் வாயை அடைக்க மறந்துவிட்டார். மாரி வெள்ளம் உள்ளே போய்ப் பிஸ்ரன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. 'தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் விட்டு வைச்சிருக்கிறன்' என்று கடிதம் முடிகிறது. கழன்றதா என்று அடுத்த கடிதத்தில் இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதுவதற்கு வேறு மரணங்கள் இருந்தன. நானும் கேட்கவில்லை.

மூன்றாம்நாள் பதினொரு மணிபோல, இடப்பக்க ஆப்பில் பெரிதாகப் பலமில்லாத ஒரு தட்டு. உள்ளே ஏதோ உடைந்த சத்தம். கால் அப்படியே சறுக்கி ஜக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. பெயரிங் இரண்டாகப் பிரிந்து, வெளிவளையம் ஹவுசிங்கிலும் உள்வளையம் தண்டிலுமாக நின்றன. குண்டுகள் செம்மண் சேற்றோடு நிலத்தில் உருண்டன. ஸ்பிளைன் பல்லுகள் மட்டும் ஆச்சரியமாக நன்றாக இருந்தன. எஞ்சின் தப்பியது. தண்டில் ஒட்டிய வளையத்தைக் கிரைண்டரால் கோடு போட்டு, உளியால் ஒரே அடியில் பிளந்தேன்.

பொடியன் ஹவுசிங்கின் ஓரத்தில் பொருக்காகப் பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டிக் காட்டி, புளோரிடா உப்பு என்றான். இல்லை. உப்பு இந்த ஏரியில் எப்போதோ கழுவிப் போய்விட்டது. அது அலுமினியம் தன்னையே தின்று போட்ட சாம்பல். ஆனாலும் அவன் அந்தப் பக்கம் போன பிறகு மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். எண்ணெய் மணம்தான்.

கழன்ற காலையும் பிளந்த வளையத்தையும் படம் எடுத்து மாமாவின் பேத்தியின் போனுக்கு அனுப்பினேன். மாமாவுக்கு இப்போது எண்பத்தாறு. குருநகரில் விடிந்ததும் அழைப்பு வந்தது. சுகம் விசாரிக்கவில்லை.

"எத்தினை நாள் எண்ணெய் விட்டனி?"

"மூண்டு நாள் மாமா."

"நான் ஒன்பது நாள் விட்டனான்."

எந்த எஞ்சினுக்கு என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தேவைப்படவில்லை. கழண்டதோ என்று மட்டும் கேட்டேன், இத்தனை வருஷம் பிந்தி.

"கழராமல் விடுவனே," என்றார் மாமா. பிறகு பேத்தியிடம் அந்த வளையப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னது கேட்டது.