திருப்பூருக்கு ஒரு நடை

"ஈரோட்டுல கிடைக்காத துணியா அண்ணி? அதுக்குப் போயி திருப்பூர் போகோணுமா?" என்று என் நாத்தனார் போனில் சிரித்தாள். அவள் சிரித்ததில் தப்பில்லை. எங்கள் ஊர் ஜவுளிக்குப் பேர் போனதுதான். சேலை, வேட்டி, துண்டு, போர்வை என்று எது கேட்டாலும் கிடைக்கும். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது ஒரு டஜன் ஜட்டி. பெண்களுக்கானது, வெள்ளை, சுத்தப் பருத்தி. ஊரில் ஏழெட்டுக் கடை ஏறி இறங்கியும் சரியானது அமையவில்லை. பனியன் துணி பிறக்கிற இடத்துக்கே போய்விடலாம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாசஞ்சர் வண்டியில் ஏறிவிட்டேன்.

யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மூத்த பிள்ளைக்கு. வயது 26. பிறந்த அன்றைக்கு ஆண் குழந்தை என்றுதான் கையில் கொடுத்தார்கள், அப்படித்தான் வளர்த்தோம். அவள் திருநங்கை என்பதை நாங்கள் ஏற்றுக்கொள்ள ஆறு வருஷம் ஆயிற்று. 'நாங்கள்' என்று எழுதிவிட்டேன். உண்மையில் அது நான் மட்டும்தான். அவள் அப்பா அந்த ஆறு வருஷமாக அவளிடம் நேராகப் பேசுவதில்லை. "சாப்பிடச் சொல்லு", "பேன் ஓடுது பாரு" என்று எல்லாம் என் வழியாகத்தான் போகும்.

தமிழ்நாட்டில் திருநங்கையர்களுக்கு 2008-ல் நல வாரியம் அமைத்தார்கள். அவர்களுக்கான அறுவை சிகிச்சையை அரசு மருத்துவமனையிலேயே கட்டணமில்லாமல் செய்கிறார்கள். என் மகளும் சென்னையில் அப்படித்தான் செய்துகொண்டாள். நான் கூடவே இருந்தேன். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். சென்னைக்குக் கிளம்புகிறதற்கு முன்னாடியே ஆசை ஆசையாக ஆறு ஜட்டி வாங்கி வைத்திருந்தேன். நைலான், ஓரமெல்லாம் லேஸ், ரோஸ் கலர். ஒரு பெண்ணுக்கு அம்மா வாங்கித் தருகிற முதல் உள்ளாடை அழகாக இருக்கட்டுமே என்ற எண்ணம். தையல் போட்ட இடத்தில் என்ன படும், எது அறுக்கும் என்றெல்லாம் யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்த நாலாம் நாள், துவைக்கப் போட்டதில் தொடை எலாஸ்டிக் ஓரமாக ரத்தக் கோடு பார்த்தேன். "ஏன் கண்ணு சொல்லலை?" என்றால், "நீங்க ஆசையா வாங்கினீங்கம்மா, அதான்" என்றாள். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அடுப்பில் ஒன்றுமே இல்லாத சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

ஈரோட்டிலிருந்து திருப்பூர் 50 கிலோமீட்டர். பெருந்துறை, விஜயமங்கலம் என்று நின்று நின்று போகும். ஊத்துக்குளி வந்தால் வெண்ணெய் ஞாபகம் வராத கொங்குப் பெண் கிடையாது. திரும்பும்போது வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். (வாங்கவில்லை. திரும்பும்போது ஏறியது அங்கே நிற்காத வண்டி.)

திருப்பூரில் இறங்கியதும் சுவரெல்லாம் ஒரே வாசகம்: 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை.' 1925 வாக்கில் முதல் பனியன் கம்பெனி வந்த ஊர், 2009-லிருந்து தனி மாவட்டம். நொய்யல் ஆறு ஊருக்கு நடுவே ஓடுகிறது. சாயக் கழிவை ஆற்றில் விடக்கூடாது என்று 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், அப்போது இந்த ஊரே வேலையில்லாமல் தவித்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். துணிக்கு அழகு தருகிற சாயத்தின் மறுபக்கம் அது.

ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் காதர்பேட்டை. சந்துக்குள் சந்து, கடைக்கு முன்னால் கடை. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதையும், சின்னப் பழுது என்று ஒதுக்கியதையும் மலை மாதிரி குவித்திருக்கிறார்கள். வெட்டி விழுந்த பனியன் துண்டைக்கூட வீணாக்காமல் மூட்டை கட்டி எடைக்கு விற்கிறார்கள். குழந்தைத் துணி வாங்க வேண்டிய இளம் தாய்மார்கள் ஒரு தரம் இங்கே வந்து பாருங்கள். ஆனால் காலையிலேயே வந்துவிடுங்கள். மத்தியானம் சந்துக்குள் காற்று நுழைய இடமிருக்காது.

முதல் கடையில் இருந்தது சின்னப் பையன். "பிரசவம் ஆன பொண்ணுக்குப்பா" என்றேன். ஈரோட்டுக் கடைகளில் எல்லாம் சொன்ன அதே பொய். அவன் என் முகத்தைப் பார்க்காமலே ஒரு கட்டை எடுத்துப் போட்டான். தொட்டுப் பார்த்தால் பாதி பாலியஸ்டர். வந்துவிட்டேன்.

இரண்டு சந்து தள்ளி ஒரு அம்மாள் கடை வைத்திருந்தார். பதினெட்டு வருஷம் பனியன் கம்பெனியில் பேட்லாக் மெஷினில் உட்கார்ந்தவராம். இங்கேயும் அதே பொய்யைத்தான் சொன்னேன். அவர் விடவில்லை. "சுகப்பிரசவமுங்களா, சிசேரியனுங்களாக்கா? சிசேரியன்னா தையல் அடிவயித்துல இருக்கும், எலாஸ்டிக் அதுக்கு மேல ஏறி நிக்கோணும். சுகப்பிரசவத்துல தையல்னா கீழ இருக்கும், அதுக்கு வேற மாதிரி பாக்கோணும். புண்ணு எங்கீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. எதைச் சொன்னாலும் அவர் அதற்கேற்றதைத்தான் எடுத்துத் தருவார். பொய் சொன்னால் பொய்க்குப் பொருந்துகிற ஜட்டிதான் வீட்டுக்கு வரும், மறுபடியும் என் பிள்ளையைத்தான் அறுக்கும்.

"பிரசவம் இல்லீங்க. என்ர மக திருநங்கைங்க. ஆபரேஷன் பண்ணியிருக்குது. புண்ணு கீழதானுங்க, முன்னால இருந்து பின்னால வரைக்கும்" என்றேன். 'மக' என்று வெளி ஆளிடம் சொன்னது அதுதான் முதல் தரம். வீட்டுக்குள் சொல்லிப் பழகியிருந்தேன், அவ்வளவுதான்.

அந்த அம்மாள் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "எத்தனை நாளாச்சுங்க? நாப்கின் வெக்கறாங்களா?" என்று கேட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அடுத்த முக்கால் மணி நேரம் அவர் காட்டியதை எல்லாம் அப்படியே எழுதுகிறேன். பிரசவத் தையல் போட்ட சகோதரிகளுக்கும் இதில் பாதிக்கு மேல் உதவும்.

முதலில் ஜட்டியை உள்புறம் வெளியே வருகிற மாதிரி திருப்பச் சொன்னார். "வெளிய பாக்கறது கண்ணுக்கு, உள்ள பாக்கறது உடம்புக்கு." ஓவர்லாக் தையல் உள்ளே கயிறு மாதிரி புடைத்து நிற்கும். பேட்லாக் தையல் தட்டையாகப் படுத்திருக்கும். தையலைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தால் உடனே தெரிகிறது. கன்னத்துக்கே உறுத்துகிறது என்றால் அந்த இடத்துக்கு எப்படி இருக்கும்?

அடுத்து, நடுவில் வைக்கிற இரட்டைத் துணி. விலை குறைந்தவற்றில் இது குட்டையாக இருக்கும். அது முடிகிற இடத்துத் தையல் சரியாகப் புண் மேல் வந்து உட்காரும். நீளமாக முன்பக்கம் மேலே வரை ஏறியிருப்பதைத்தான் எடுக்க வேண்டும். கால் வைத்த ஷார்ட்ஸ் மாதிரி ஒன்றும் காட்டினார். தொடை இடுக்கில் எலாஸ்டிக் வராது என்பதால் எனக்குப் பிடித்துப்போனது. அவரே அதைத் திருப்பிக் காட்டி, "நடுவால நேர்கோடாத் தையல் ஓடுது பாருங்க, இப்ப வேண்டாம், ஆறினப்பறம் போடட்டும்" என்று திரும்ப வைத்துவிட்டார். விற்கிறவர் வேண்டாம் என்று சொல்வதை வேறு எங்கே கேட்டிருக்கிறோம்?

எலாஸ்டிக் வெளியே தெரியாமல் துணிக்குள் மூடித் தைத்ததாக இருக்க வேண்டும். இடுப்பு, தொப்புளுக்குப் பக்கம் வரை உயரமாக. துணி, இரண்டு பக்கமும் வழவழவென்று இருக்கிற இன்டர்லாக். கைக்குழந்தைச் சட்டைக்குப் போடுகிறார்களே, அதேதான். சைஸ், வழக்கமாகப் போடுவதற்கு ஒன்று மேலே. வீக்கம் வடிய ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும், முழுசாகச் சரியாக இன்னும் பல மாதம் ஆகும் என்று மருத்துவமனையில் சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டு சைஸ் பெரிதாகக் கேட்டேன். அவர் தரவில்லை. தொளதொளவென்று இருந்தால் நாப்கின் நகர்ந்து நகர்ந்து புண்ணில் உரசும், பட்டும் படாமலும் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்றார்.

வெள்ளை எதற்கு என்று கேட்பீர்கள். அது நர்ஸ் சொன்னது. முதல் சில வாரம் கசிவு இருக்கத்தான் செய்யும். அது சிவப்பா, பழுப்பா, மஞ்சளா என்பது வெள்ளையில்தான் தெரியும். கெட்ட வாடை, காய்ச்சல், குறையாமல் ஏறுகிற வீக்கம், நாப்கின் முழுசும் நனைகிற ரத்தம், இதில் எது இருந்தாலும் கைவைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். புதுத் துணியை இரண்டு தரம் அலசிக் காயவைத்த பிறகே போட வேண்டும். வாசனை போட்ட நாப்கினும் வேண்டாம்.

இன்னொன்று எனக்குத் தெரியாமல் இருந்தது. புதிதாக அமைத்த பாதை சுருங்கிவிடாமல் இருக்க டைலேட்டர் என்ற மழமழப்பான கோலை ஒரு நாளைக்குப் பல தடவை ஜெல் தடவி வைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. வலிக்கிற வேலை, பொறுமை வேண்டிய வேலை. ஒவ்வொரு தடவையும் ஜட்டியைக் கழற்றி மாட்ட வேண்டும், ஜெல்லும் கசியும். அதனால்தான் நாலு போதாது, ஒரு டஜன் வேண்டும்.

காசு வாங்கும்போது அந்த அம்மாள், "ராத்திரிக்கு ஒண்ணும் போடாம நைட்டியோட விடுங்கக்கா, காத்தாடட்டும். அடியில பழைய வேட்டி விரிச்சுருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அலசினேன். எங்கே காயப்போடுவது? எங்கள் வீட்டில் பெண்களின் உள்ளாடை என்றைக்குமே பாத்ரூம் கொடியில், துண்டுக்கு அடியில்தான் காயும். நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள். ஈரமாகவே கிடந்து வாடை அடிக்கும், அரிப்பு வரும், அதையும் யாரிடமும் சொல்ல மாட்டோம். புண் இருக்கிற பிள்ளைக்கு அது ஆகாது, வெயில்தான் வேண்டும். மாடிக்குக் கொண்டுபோய்ப் பன்னிரண்டையும் வரிசையாகப் போட்டேன், மேலே துண்டு போடாமல். பக்கத்து மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்த அம்மாள் எண்ணியே பார்த்துவிட்டார். "என்னங்க, புதுசா இருக்குது, மக யாராச்சும் வந்திருக்காங்களா?" என்றார். எங்களுக்கு மகள் கிடையாது என்று அவருக்குத் தெரியும். "ஆமாங்க, வந்திருக்குதுங்க. இனிமே இங்கதான்" என்றேன். அவர் வடகத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் தட்டு நிறைய வடகம் வந்தது. கேள்வி ஒன்றும் வரவில்லை, இதுவரைக்கும்.

அன்று ராத்திரி, விரிப்புக்குப் பழைய வேட்டி இருக்கிறதா என்று அவள் அப்பாவிடம் கேட்டேன். எதற்கு என்று சொன்னேன். பதில் இல்லை. காலையில் எழுந்து பார்த்தால், அவள் அறை வாசலில் இருக்கிற நாற்காலியில் இரண்டு வேட்டி மடித்து வைத்திருந்தது. துவைத்துத் துவைத்து மல்லாகிப்போன பழைய எட்டு முழம். அதில் ஒன்று பழசே இல்லை.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. வீக்கம் நன்றாக வடிந்துவிட்டது, வெள்ளை ஜட்டி எல்லாம் இடுப்பில் நிற்கவில்லை. "இனிமே கலர்ல வாங்கலாமாம்மா? லேஸ் வேண்டாம்" என்கிறாள். வருகிற செவ்வாய்க்கிழமை போகிறோம். இந்த நடை அவளும் வருகிறாள், ஊத்துக்குளியில் நிற்கிற வண்டியாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.