மினாவில் விட்டு வந்த கம்பளி



ஹஜ் என்றதும் இப்போது வெயில்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. 2024 ஜூனில் 1,300 பேருக்கு மேல் மௌத்தான செய்தி கேட்டுக் கலங்கியவர்கள்தானே நாம். நான் போனது 2006 டிசம்பரில். பிறைக் கணக்கில் ஹஜ் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தி வருவதால், அந்த ஒரே ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பரிலும் இரண்டு ஹஜ் வந்தன.

எங்கள் வீடு பலாங்கொடைப் பக்கம், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய கடைத்தெருவில். பயணம் சொல்லப் போனபோது லயத்து அக்கா ஒருவர் தமது கம்பளியைக் கொண்டுவந்து தந்தார். மழையில் கொங்காணி போட்டுக் கொழுந்தெடுக்கும் தடித்த கம்பளி. “வெட்டவெளியில படுக்கிறதுன்னா ராவைக்கு குளிரும் தங்கச்சி. மொதலாளிக்கும் ஆகும்” என்றார். பாலைவனத்தில் ஏது குளிர் என்று மனதுக்குள் சிரித்தேன். ஆனாலும் மறுக்க மனமில்லாமல் வாங்கி வைத்தேன்.

மினாவிலிருந்து அரஃபாவுக்குப் புறப்படும்போது தோள்பை கனத்தது. விசிறி, குடை, பிஸ்கட், ஊறுகாய்ப் போத்தல் எல்லாம் வைத்துக்கொண்டேன். எடுத்து வெளியே வைத்தது கம்பளியை! திரும்பி வரும் கூடாரம்தானே என்று மடித்து மூலையில் வைத்துவிட்டேன்.

மஃரிபுக்குப் பின் பஸ் நகரவேயில்லை. இறங்கி நடந்தோம். முஸ்தலிஃபா சுமார் 9 கிலோமீட்டர். வியர்த்துப்போய்ச் சேர்ந்து, மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுது, கல் பொறுக்கி, சரளைக் கல்லில் பாயை விரித்தோம். பகலெல்லாம் சுட்ட நிலம் மேகமில்லாத வானத்தின் கீழ் சீக்கிரம் ஆறிவிடுகிறது. காற்றும் எழும்பியது. எனக்காவது தைத்த உடுப்பு இருந்தது. அவருக்கு வியர்வையில் ஊறிய இரண்டு துண்டுகள். உடம்பைப் போர்த்தலாம். இஹ்ராமில் ஆண்கள் தலையை மறைக்கக் கூடாது, மறைத்தால் ஃபித்யா. என் சால்வையைப் போர்த்திவிட்டேன். அது எந்த மூலைக்கு?

“இஞ்சருங்க, நடுச்சாமம் கழிஞ்சிட்டு. மினாவுக்குப் போவமா?” என்று பல் கிட்டக் கேட்டார்.

நம் ஷாஃபிஈ மத்ஹபில் நள்ளிரவு கழிந்தால் போகலாம். ஸவ்தா (ரழி) அவர்கள் கூட்டத்துக்கு முன் போக அனுமதி கேட்டார்கள், நபி (ஸல்) அவர்கள் கொடுத்தார்கள். தாமும் கேட்டிருக்கலாமே என்று ஆயிஷா (ரழி) அவர்கள் பின்னர் எண்ணியதாக ஹதீஸில் வருகிறது. வகுப்பில் இதைப் படித்தவள்தான் நான்.

“சுபஹு தொழுதிட்டே போவம். இவ்வளவு தூரம் வந்து குறைச்சிக்கொள்ள ஏலுமா?” என்றேன்.

அவர் பேசவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மினாவுக்கு வந்தபோது காய்ச்சல் கொதித்தது. கழுத்துவரை அந்தக் கம்பளியைப் போர்த்திப் படுக்க வைத்தேன், தலை திறந்தபடி. கல்லெறிய அவரால் எழும்ப முடியவில்லை. அந்த ஜனவரி ஹஜ்ஜில்தான் ஜமராத் நெரிசலில் 340 பேருக்கு மேல் மௌத்தாகியிருந்தார்கள். அவர் கை பிடிக்காமல், குழுவினரோடு போய் எனக்கு 7 கல், பிறகு அவருக்காக 7 கல் எறிந்தேன். மூன்றாம் நாள்தான் அவர் எழுந்தார்.

“ராத்தாட கம்பளி நல்லாச் சுட்டுது” என்றதைத் தவிர அந்த இரவைப் பற்றி இன்றுவரை அவர் ஒரு சொல் சொன்னதில்லை.

ஊர் வந்து, துவைத்து மடித்த கம்பளியை ஸம்ஸமோடும் பேரீச்சம்பழத்தோடும் கொண்டுபோய்க் கொடுத்தேன். “ஒதவுச்சா தங்கச்சி?” என்றார் அக்கா.

உதவியது என்றேன். எந்த இரவுக்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.