வாட் வேறு, வெளிச்சம் வேறு

பத்து காவானில் என் அண்ணன் பகலில் தொழிற்சாலை ஊழியர். வார இறுதியில் திருமணங்களுக்கு டிஜே. 2014-இல் இரண்டாவது பாலம் திறந்த பிறகு தீவிலிருந்தும் அழைப்பு வருகிறது. அந்த நம்பிக்கையில், சேமித்த பணத்தைப் போட்டு எட்டு எல்இடி பார் விளக்குகள் வாங்கினார்.

பெட்டியில் 54 எல்இடி, தலா 3 வாட் என்றிருந்தது. கணக்குப்படி 162 வாட். எல்லா நிறங்களையும் முழுதாக எரியவிட்டு அளந்தோம்; 40 வாட்டைத் தாண்டவில்லை. அந்த 3 வாட், எல்இடி தாங்கக்கூடிய உச்சம் மட்டுமே. மலிவு விளக்கு வெப்பத்துக்கு அஞ்சி அதைவிடக் குறைவாகத்தான் எரிக்கும். மேலும், வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரம். தரும் ஒளிக்கு அளவு லூமென்.

தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். கடை மேசையில் கண் கூசிய விளக்கு, மண்டபத்தில் மணமக்களின் முகத்தை எட்டவில்லை. படங்கள் இருண்டன. அண்ணன் கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். கல்யாணத்தை மறுபடி நடத்த முடியுமா?

நண்பர்களே, விளக்கு வாங்கப் போனால் பெட்டியைப் படித்ததோடு நிற்காதீர்கள். இருட்டறையில், ஐந்து மீட்டர் தள்ளி எரித்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கும் கடைக்காரரிடம் பணத்தை நீட்டாதீர்கள்.