தலைப்பில் ஓடும் ஆறு

'பொன்னியின் செல்வன்' என்றதும் நம்மில் பலருக்கு 2022-லும் 2023-லும் வந்த படங்கள்தான் ஞாபகம் வரும். எனக்கோ கதையைவிட அந்தத் தலைப்பின் மீதுதான் ஆசை.

கல்கி இதை 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் எழுதினார். ராஜராஜ சோழனின் இளமைக் காலத்துக் கதை. 'சோழ இளவரசன்' என்று பெயர் வைத்திருக்கலாமே! ஏன் வைக்கவில்லை? கதையில், சிறுவன் அருள்மொழி படகிலிருந்து காவிரியில் விழுந்துவிடுகிறான். ஒரு பெண் தூக்கிக் காப்பாற்றி மறைந்துவிடுகிறாள். காவிரித் தாயே காப்பாற்றினாள் என்று எல்லோரும் நம்புகிறார்கள். பொன்னி என்பது காவிரியின் இன்னொரு பெயர். அதனால் அவன் பொன்னியின் செல்வன்.

ஆனால் எங்கள் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பொன்னி என்றால் முதலில் அரிசிதான்! லைப்ரரியிலிருந்து புத்தகத்தைக் கொண்டு போனபோது, நடவு வேலைக்குப் போய்விட்டு வந்த அம்மா, "என்ன கதைடா தம்பி?" என்றது. பெயரைச் சொன்னேன். "அரிசி வியாபாரி கதையா?" எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விவரம் சொன்னதும் அம்மா சொன்னது: "ராசாவுக்குப் பொறந்தாலும் பேரு ஆத்துப் பேருதான். அந்தத் தண்ணியிலதானே நாமளும் வளந்தோம்!"

பள்ளிக்கூடம் போகாத அம்மா சொன்ன இந்த விளக்கம் எனக்குப் பெரிதாகப் பட்டது. நமது பரிசுச் சான்றிதழ்களிலும் பெயருக்கு முன்னால் 'செல்வன்' என்று போடுகிறார்களே, அதற்குச் செல்வம் உடையவன் என்றும் பொருள்; அருமை மகன் என்றும் பொருள். முதல் பொருளுக்கும் எங்கள் வீட்டுக்கும் தூரம் அதிகம்! அட்மிஷன் பாரத்தில் 'தந்தையின் கல்வித் தகுதி' என்ற இடத்தில் நான் ஒரு கோடுதான் போட்டேன். இரண்டாவது பொருளை மட்டும் யாராலும் எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். நாவலின் நான்காம் பாகம் 'மணிமகுடம்'. கதை அதோடு முடியவில்லை. ஐந்தாம் பாகம் 'தியாக சிகரம்'. தனக்கு வந்த மகுடத்தை அருள்மொழி உத்தம சோழனுக்கு விட்டுக் கொடுக்கிறான். வரலாற்றிலும் உத்தம சோழனுக்குப் பிறகு, 985-ல்தான் ராஜராஜன் அரசனானான். எடுத்துக்கொண்டவனை அல்ல, கொடுத்தவனைத்தான் கல்கி ஆற்றின் பிள்ளை என்கிறார்.

நான் சிவில் படிக்கிறேன். நாளைக்கு எங்கள் பக்கத்து வாய்க்காலில் ஒரு மதகு ஒழுகாமல் கட்ட முடிந்தால், கடைமடை வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேரும். அன்றைக்கு அம்மாவிடம் தைரியமாகச் சொல்வேன், நானும் பொன்னியின் செல்வன்தான் என்று. நண்பர்களே, நீங்களும் சொல்லலாம்!