பழைய வண்டிக்கு மாற்றுத் தண்டு

பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், ஊரிலிருந்து உடன் கொண்டுவந்த பொருள் ஒன்றேனும் இருக்கவே செய்யும். சில இல்லங்களில் அது குத்துவிளக்கு; சிலவற்றில் ஆட்டுக்கல். நம் இல்லத்திலோ ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்! இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டைத் தழுவி, 1961 முதல் சென்னையில் உருவாகிய வண்டி அது. உத்தியோக மாற்றத்தில் இவ்வூர் வந்த நம் தந்தையார், நம்மை ரயிலேற்றிவிட்டுத் தாம் அதனை ஓட்டிவந்தார். 85 வயதைக் கடந்தும் அதன் சாவி அவரிடமே உள்ளது.

சென்ற ஆண்டு எஞ்சினின் அடியில் ‘டொக் டொக்’ என்றோர் ஓசை எழுந்தது. மேஸ்திரி எண்ணெய்த் தொட்டியைக் கழற்றியதும், பிறைவடிவத் தகடு ஒன்று அதனுள்ளே கிடக்கக் கண்டோம். இவ்வகை எஞ்சினுக்கு இது பிறவிக் குறை. கிளட்ச்சை மிதிக்குந்தோறும் கிராங்க்‌ஷாப்ட் முன்னே தள்ளப்படுகிறது. அத்தள்ளலைத் தாங்குவன பின் பேரிங்கை ஒட்டியுள்ள இத்தகடுகளே. அவை தேய்ந்து விழுந்துவிட்டால், தண்டு முன்னும் பின்னும் ஆடித் தன்னையும் அரைத்துக்கொள்ளும், பிளாக்கையும் அரைக்கும். நல்வினையாக நம் பிளாக் தப்பியது, தண்டு தப்பவில்லை.

தண்டைச் சுமந்துகொண்டு ஜே.சி. ரோட்டுக்குச் சென்றோம். சாணை பிடிப்பதிலேயே தலை நரைத்த ஒருவர் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தார். தண்டில் வடு விழுந்தால், அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு அரைத்து மெருகிட்டு, அதற்கேற்பத் தடித்த பேரிங்கைப் பொருத்துவது வழக்கம். பின்னர் இருபது, அதன்பின் முப்பது. நம் தண்டு முப்பதையும் முன்னமே கண்டிருந்தது.

“எப்படியாவது இதையே சரி பண்ணிக் கொடுங்க” என்றார் தந்தையார்.

“வெல்டிங் வெச்சு ஏத்தி அரைக்கலாம் அய்யா. ஆனா ஓட்டத்துல ஒடிஞ்சா பிளாக்கும் சேர்ந்து போயிடும். உங்க வண்டிக்கு நான் செய்ய மாட்டேன்.”

வரும் வேலையை வேண்டாமென்று சொல்லும் தொழிலாளியை நம்பலாம் என்பது நம் எண்ணம். தந்தையாரோ வீடு திரும்பும் வரை வாய் திறக்கவில்லை.

மாற்றுத் தண்டுக்கு எங்கே போவது? இங்கிலாந்தில் 1961-லேயே 948 சி.சி. எஞ்சினை விட்டு 1147-க்கு மாறத் தொடங்கினர். சென்னையார் மாறவில்லை, 1972-இல் வந்த கெஸலுக்கும் அதே 948-தான். ஆகவே கடல்கடந்த உறவைவிட உள்ளூர்க் கெஸலே நமக்கு நெருங்கிய சொந்தம். சிவாஜி நகர் குஜரியில் தேடி ஒன்றைக் கண்டெடுத்தோம். முதலில் இரும்பு எடைக்கு விலை சொன்ன கடைக்காரர், ஹெரால்டுக்கு என்று கேட்டதும் தராசை ஒதுக்கி வைத்துவிட்டார்!

பழைய தண்டை வாங்குவோர் கண்ணை மட்டும் நம்பலாகாது. சாணைக்காரர் அதனைக் கம்பியில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியால் தட்டினார், மணிபோல் ஒலித்தது. விரிசல் இருப்பின் ஒலி மங்கும். பிறகு மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சுண்ணப்பொடி பூசினார். விரிசலில் ஒளிந்த எண்ணெய் வெண்மையில் கோடாய்க் கசியுமாம், கசியவில்லை. அதற்கும் மேலே, காந்தப்பொடிச் சோதனை செய்தபின்னரே பத்துப் பங்கு அரைத்தார். கழுத்து சேரும் மூலையிலுள்ள வளைவைச் சிறிதும் கூர்மையாக்காமல் அரைக்க வேண்டுமாம். முறிவு தொடங்குமிடம் அதுவே. எண்ணெய்த் துளைகளை அவர் ஊதிக் கழுவிய பொறுமை, சமையலறையில்கூட நாம் காணாதது.

வண்டி இப்போது ஓடுகிறது. பழைய தண்டைக் குஜரிக்கு அனுப்பத் தந்தையார் இசையவில்லை. கிரீஸ் தடவப்பெற்று அது தாழ்வாரத்தில் நிற்கிறது. அன்னையார் அதன்மேல் துணி உலர்த்துகிறார்.

ஹெரால்டோ கெஸலோ வைத்திருக்கும் அன்பர்கள் ஒன்று செய்யலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் கிளட்ச்சை மிதித்து விட, மற்றவர் முன்புறக் கப்பியைக் கவனிக்கட்டும். அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால், மேற்கொண்டு ஓட்டாமல் மேஸ்திரியை வீட்டுக்கே அழைத்துவிடுங்கள்.