தள்ளுவண்டி

கோவில்பட்டிக்காரன் என்றால் வெளியூர்க்காரர்கள் இரண்டு விஷயம் எதிர்பார்ப்பார்கள். ஒன்று, கடலை மிட்டாய் வாங்கி வரவேண்டும். இரண்டு, ஹாக்கி ஆடத் தெரிந்திருக்கவேண்டும். முதல் விஷயத்தில் இதுவரை நான் யாரையும் ஏமாற்றியதில்லை.

எங்கள் ஆபீஸ் டீமில் என் பட்டப்பெயர் ‘தள்ளுவண்டி’. நான் பந்தை அடிக்கமாட்டேன், தள்ளுவேன். ‘புஷ்’ என்பதும் ஒரு கலைதான், கிட்டத்தில் இருப்பவனுக்குப் பாஸ் கொடுக்க அதுதான் சரி. ஆனால் கோலுக்கு எதிரே தன்னந்தனியாக நிற்கும்போதும் தள்ளிக்கொண்டிருந்தால்? ஒருமுறை எதிர் டீம் கோல்கீப்பர் பந்தைக் காலால் நிறுத்திவிட்டு, ‘‘அண்ணே, அது வந்து சேர்றதுக்குள்ள எனக்குத் தூக்கமே வந்துருச்சு’’ என்றான்.

நான் அடிக்காததற்குக் காரணம் ஒரு பல். என்னுடையது அல்ல.

பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மேட்ச். பந்து நேராக என்னிடம் வந்தது. ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அடிக்கவேண்டும் என்று ஆசை. ஸ்டிக்கை விறகு வெட்டுகிறவன் மாதிரி தலைக்குப் பின்னால் வரைக்கும் ஓங்கினேன். ‘டொக்’ என்று சத்தம். பந்தில் பட்ட சத்தம் இல்லை. பின்னால் ஓடிவந்த என் பெஞ்ச்மேட் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கரிசல் மண்ணில் வெள்ளையாக எதுவோ கிடந்தது. ஊரே திரும்பிப் பார்த்தது என்பது மட்டும் நிஜம்.

அவன் வீட்டில் போய் ‘பந்து பட்டுருச்சு’ என்று சொல்லிவிட்டான். அவன் அப்பா என்னிடமும் கேட்டார், ‘‘எப்படிப்பா பட்டுச்சு?’’ என்று. நான் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு, ‘‘பந்துதான் மாமா’’ என்றேன். அதற்குப் பிறகு அவனும் அதைப்பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஸ்டிக் மட்டும் என் முழங்காலுக்கு மேலே எழும்பியதே இல்லை.

இப்போது அவன் வேறொரு ஆபீஸில் இருக்கிறான். அவர்கள் டீமில் டிஃபெண்டர். மேட்ச் தொடங்குமுன் கட்டின பல்லைக் கழற்றி, கர்ச்சீப்பில் மடித்துப் பையில் வைத்துவிட்டுத்தான் இறங்குவான். அந்தக் கர்ச்சீப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஷூ லேஸைச் சரிசெய்யவேண்டிய அவசர வேலை வந்துவிடும்.

போன சீசனில் எங்கள் டீமின் ஒரே ‘ஹிட்டர்’ மாற்றலாகி ராமநாதபுரம் போய்விட்டார். பெனால்டி கார்னர் அடிக்க ஆள் இல்லை. கேப்டன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, விதியை நொந்துகொண்டு என் பெயரைச் சொன்னார். எனக்கு யார் சொல்லிக்கொடுப்பது? வெட்கத்தைவிட்டு அவனிடமே போனேன்.

‘‘வா மாப்ளே. நீ தள்ளுறதைப் பாத்துப் பாத்து எனக்கும் அலுத்துப்போச்சு’’ என்றான். எதிர் டீம் ஆள் சார்! காலையில் ஐந்தரை மணிக்கு வந்து நின்றான்.

முதல் நாள் பந்தையே தரவில்லை. ‘‘ரெண்டு கையையும் ஸ்டிக்கோட உச்சியில ஒட்டிப் பிடி. இடது கை மேல, வலது கை அதுக்குக் கீழ. நடுவுல இடைவெளி விட்டா தூர்வாருற மாதிரி இருக்கும்.’’ பிறகு இடது தோள். எங்கே அடிக்கவேண்டுமோ அந்தப் பக்கம் இடது தோள் பார்க்கவேண்டும். ஹாக்கி ஸ்டிக்கில் தட்டையான முகம் ஒரு பக்கம்தான், இடதுகைக்காரருக்கென்று தனி ஸ்டிக் கிடையாது. அதனால் இந்தத் தோள் விவகாரம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

மூன்றாம் நாள் பந்து வந்தது. ஹாக்கிப் பந்து அதிகபட்சம் 163 கிராம். ஒரு பெரிய கொய்யாப்பழத்தைவிட கனம் குறைவு. அதை அனுப்ப நான் ஏன் மல்யுத்தம் செய்யவேண்டும் என்று கேட்டான். பலம் கையில் இல்லையாம். வலது காலில் இருக்கிற உடம்புக் கனம், இடது காலை எடுத்து வைக்கும்போது அதற்கு மாறவேண்டும். இடுப்பு திரும்பும், பின்னாலேயே தோள், அதற்குப் பின்னால் கை, கடைசியில் மணிக்கட்டு. ‘‘சாட்டை சொடுக்குறான் பாரு, கைப்பிடி மெதுவாத்தான் போகும். நுனிதான் பேசும்.’’

இடது காலை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் என் பிழைப்பு நாறியது. பந்து இடது பாதத்துக்கு நேராக, ஸ்டிக் தாராளமாகச் சுழல்கிற தூரத்தில் இருக்கவேண்டும். பாதத்தைத் தாண்டிப் பந்து முன்னால் கிடந்தால் பந்து எழும்பும். பின்தங்கிவிட்டால் ஸ்டிக் தரையைக் கொத்தும். நான் ஒரு வாரம் கொத்தினேன். ‘‘கடலை போடப்போறியா?’’ என்றான்.

ஆனாலும் ஓங்க மட்டும் எனக்குக் கை வரவில்லை. ஸ்டிக் முழங்காலைத் தாண்டியதும் கழுத்து தானாகப் பின்னால் திரும்பிப் பார்த்தது. அவன் கவனித்தான். என் பின்னால் வந்து, ஸ்டிக்கைப் பிடித்து இடுப்பு உயரத்தில் நிறுத்தினான்.

‘‘இவ்வளவுதான் தேவை.’’ பிறகு அதைத் தலைக்குப் பின்னால், தன் வாய் வரைக்கும் கொண்டுபோனான். ‘‘அன்னிக்கு இவ்வளவு தூக்கினே. பந்து எவ்வளவு தூரம் போச்சு?’’

‘‘பந்து... போகவே இல்ல.’’

‘‘அதான். வீணா ஒரு பல்லு.’’

சிரித்தான். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. ‘‘மாப்ளே, உங்க அப்பாகிட்ட நான்...’’ என்று ஆரம்பித்தேன். ‘‘அவருக்கு அன்னிக்கே தெரியும்லே. பந்தைப் பாரு’’ என்றான்.

அரையிறுதியில் அவர்கள் டீமோடுதான் மேட்ச். 1-1. கடைசி இரண்டு நிமிஷத்தில் எங்களுக்குப் பெனால்டி கார்னர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹர்மன்ப்ரீத் சிங் 10 கோல் போட்டாரே, அந்த ‘டிராக் ஃப்ளிக்’ வேறு வித்தை. பந்தை ஸ்டிக்கிலேயே இழுத்துச் சுண்டுவது, எந்த உயரத்திலும் போகலாம். என்னை மாதிரி அடிக்கிறவனுக்கு முதல் ஷாட் கோலுக்குள் 46 சென்டிமீட்டர் பலகை உயரத்தைத் தாண்டக்கூடாது. எழும்பினால் கோல் செல்லாது. ஆக, அந்த இடது பாதம்!

கோல் கோட்டில் கீப்பரோடு நான்கு பேர். பந்து வெளியே வந்ததும் என்மேல் பாய்கிற முதல் ஆள் அவன். முகத்தில் பாதுகாப்பு மாஸ்க். கம்பிகளுக்குள் ஓட்டைப் பல் தெரிந்தது.

பந்து வந்தது. எங்கள் ஆள் டி-க்கு வெளியே நிறுத்தி, உள்ளே லேசாக உருட்டிவிட்டான். அவன் ஓடிவருவது ஓரக்கண்ணில் தெரிந்தது. கழுத்து திரும்பப் பார்த்தது, விடவில்லை. இடது கால். இடுப்பு உயரம். அடித்தேன்.

கையில் எதுவுமே படாத மாதிரி இருந்தது. அவன் ஸ்டிக்குக்கு வெளிப்பக்கமாகப் புல்லை உரசிக்கொண்டு போன பந்து, பலகையில் ‘டமார்’ என்றது. என் வாழ்நாளில் அந்தச் சத்தத்தை நான் உண்டாக்கியது அதுதான் முதல் தடவை.

எங்கள் டீம் மொத்தமும் என்மேல் விழுந்தது. எல்லாரும் எழுந்த பிறகு அவன் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

‘‘கால் ரெண்டு விரக்கடை பின்னாடி கெடந்துச்சு மாப்ளே. தப்பிச்சே’’ என்றான். பிறகு, ‘‘அந்தக் கர்ச்சீப்பை எடு.’’

எடுத்துக் கொடுத்தேன்.